பின்னால் வருகிறவன் யாரோ!

(பட்டிமன்றத் தலைப்பு: விளையாட்டு மைதானத்தில் மனிதனை நெறிப்படுத்துவது விதிகளே! நாகரிகமே! — 'நாகரிகமே' அணியின் மூன்றாவது பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, 'எல்லாம் விதி' என்று தலையில் கை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, (சிரிப்பு) அரங்கிலும், வீட்டுத் தொலைக்காட்சி முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கிரிக்கெட்டைச் சொன்னார், கால்பந்தைச் சொன்னார். "நடுவர் விரலைத் தூக்கினால்தான் ஆட்டக்காரன் வெளியே போவான், நடுவர் இல்லை என்றால் மைதானமே இல்லை" என்றார். சொல்லும்போது நம்ம நடுவர் முகத்தையே பார்த்துச் சொன்னார். தீர்ப்புக்கு இப்பவே அச்சாரம் கொடுக்கிறாராம்! (சிரிப்பு)

சகோதரி, நடுவர் கூடவே வராத ஒரு விளையாட்டு இருக்கு. அதுக்குப் பேர் கோல்ஃப்.

நடுவர்: அப்போ அங்கே எனக்கு வேலை இல்லைங்கிறீங்க?

பெரிய போட்டியில உண்டுங்க அய்யா. ஆனா தினப்படி ஆட்டத்துல விசில் ஊத ஒரு ஆள் கிடையாது. பதினெட்டுக் குழி, நாலு மணி நேரம், ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை. பாதி நேரம் புதர், பாதி நேரம் மரம். பந்தைக் காலால தள்ளிவிட்டாலும் பார்க்க ஆள் இல்லை. அவனவன் எண்ணிக்கையை அவனவன்தான் சொல்லணும். அப்படிப்பட்ட இடத்துல மனுஷனை நெறிப்படுத்துறது எது? அதைத்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

"உனக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்? அது கோட்டு சூட்டுக்காரங்க ஆட்டமாச்சே"ன்னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு. இந்த ஆட்டம் 1829-லேயே கல்கத்தாவுக்கு வந்துடுச்சு. அப்புறம் மலை ஊர்களுக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தான். நான் ஒரு மலை ஊர்க்காரன். எங்க அப்பா அங்கே கோல்ஃப் மைதானத்துல மட்டைப் பை தூக்கினவர். அந்த வேலைக்குப் பேர் 'கேடி'.

எட்டாம் வகுப்புல வாத்தியார் வரிசையா கேட்டுக்கிட்டு வந்தார். "உங்கப்பா என்னடா வேலை?" ஒருத்தன் "கணக்கப்பிள்ளை சார்"னான். ஒருத்தன் "போலீஸ் சார்"னான். நான் எழுந்து நின்னு பெருமையா, "கேடி சார்"னேன். (பலத்த சிரிப்பு) வகுப்பே சிரிச்சுது. அந்தப் போலீஸ்காரர் மகன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான்! (சிரிப்பு) நீங்களும் சிரிச்சீங்க. சிரிங்க. உண்மையான கேடி யாருன்னு கடைசியில சொல்றேன்.

லீவு நாள்ல அப்பா கூட நானும் போவேன். முதல் நாள் ஒருத்தர் "டிரைவரை எடு"ன்னார். நான் கார் டிரைவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினேன். (சிரிப்பு) டிரைவர்னா நீளமான மட்டையாம். "அயர்ன் கொண்டா"ன்னா இஸ்திரிப் பெட்டி இல்லை, அதுவும் மட்டை. "பட்டர்"னா வெண்ணெயும் இல்லை, கோயில் பட்டரும் இல்லை, குழிக்குள்ள பந்தை உருட்டுற மட்டை. இப்படி மொத்தம் பதினாலு மட்டை வரைக்கும் பையில இருக்கலாம். அதைச் சுமக்கிற தோள் எங்க அப்பாவுடையது.

அய்யா, அந்தத் தோளுக்குப் பக்கத்துல நின்னு நான் பார்த்த அநாகரிகங்களை வரிசையா சொல்றேன். இதுல எத்தனைக்கு விதிப்படி தண்டனைன்னு எதிரணி நண்பர்கள் கணக்குப் போட்டுக்கிட்டே வரட்டும்.

முதலாவது, பேச்சு. ஒருத்தன் மட்டையை ஓங்கி நிக்கிறான். அப்பத்தான் பின்னால நிக்கிறவர் தன் சம்பந்தியோட சண்டையைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் காலத்துல வெறும் பேச்சு. இப்போ கைப்பேசி வேற. அவன் ஓங்குறான், இவர் சட்டைப்பையில் குத்துப்பாட்டு ஆரம்பிக்குது! (சிரிப்பு) பந்து போகுது மரத்துக்கு.

இரண்டாவது, தாமதம். ஒரு அடி அடிக்க ஏழு தடவை காத்துல வீசிப் பார்க்கிறது. புல்லைக் கிள்ளிப் பறக்க விட்டுக் காத்தைப் பார்க்கிறது. உட்கார்ந்து பார்க்கிறது, எழுந்து பார்க்கிறது. பெண் பார்க்கப் போனப்பக்கூட மனுஷன் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான்! (சிரிப்பு) கடைசியில அடிச்சா பந்து பத்தடி போகும். பின்னால நாலு பேர் வெயில்ல காத்துக்கிட்டு நிப்பாங்க. "நீங்க முன்னால போங்க"ன்னு வழிவிட வாய் வராது. காணாமப் போன பந்தைத் தேட அப்போ 5 நிமிஷம் அனுமதி. 2019-ல விதியை மாத்தி 3 நிமிஷமாக் குறைச்சாங்க. ஏன் குறைச்சாங்க? வழிவிடுற மனசு குறைஞ்சதால குறைச்சாங்க!

மூன்றாவது, குழிக்குப் பக்கத்துல இருக்கிற பச்சைத் தரை. கிரீன்னு சொல்லுவாங்க. கம்பளம் மாதிரி வெட்டின புல். அங்கே ஒருத்தன் பந்து எந்த வழியா உருளணுமோ, அந்த வழியிலே இன்னொருத்தன் பூட்ஸ் காலோட நடந்து போவான். நம்ம வீட்டுல கோலம் போட்டுக்கிட்டு இருக்கும்போதே அதை மிதிச்சுக்கிட்டுப் போற மாதிரி. பந்து மேலேயிருந்து விழுந்த இடத்துல ஒரு பள்ளம் விழும். உடனே சின்ன முள்ளால ஓரத்தை உள்ளே தள்ளித் தட்டிவிட்டா புல் சீக்கிரம் சேர்ந்துடும். விட்டுட்டா வாரக்கணக்கில தழும்பு நிக்கும்.

நான்காவது, மணல் குழி. பங்கர்னு பேர். இதுலதான் அய்யா எங்கள் வழக்கே இருக்கு, கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. ஒருத்தன் பந்து மணல்ல விழுது. இறங்குறான், அடிக்கிறான், ஏறிப் போறான். பக்கத்துலேயே மணலைச் சமப்படுத்த வாருகோல் கிடக்கு. தொடலை. அவன் கால் தடம் யானை மிதிச்ச மாதிரி அப்படியே இருக்கு. அடுத்து வர்றான் ஒரு அப்பாவி. அவன் பந்து அந்தக் கால் தடத்துக்குள்ளே போய் உட்காருது. விதி என்ன சொல்லுது தெரியுமா? பந்து கிடக்கிற நிலையிலேயே ஆடணும். அடிக்கிறதுக்கு முன்னால தடத்தைச் சமப்படுத்தி வசதி பண்ணிக்கிட்டா அவனுக்குத்தான் தண்டனை! மணலை வாராம போனவனுக்கு? பொதுவிதியில ஒரு அடிகூட தண்டனை கிடையாது.

தப்புப் பண்ணினவன் காப்பி குடிக்கிறான், அடுத்தவன் குழியில தவிக்கிறான். எதிரணித் தலைவர் அவர்களே, இதுதான் உங்க விதி! (கைதட்டல்)

நடுவர்: எதிரணித் தலைவர் இப்பவே மணல்ல மாட்டின மாதிரிதான் இருக்கார்! (சிரிப்பு)

அவர் இன்னொண்ணும் சொன்னார். 1968-ல அமெரிக்காவில மாஸ்டர்ஸ் போட்டி. அர்ஜென்டினாக்காரர் ராபர்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில 3 அடியில முடிச்சார். கூட ஆடினவர் சீட்டுல 4-ன்னு தவறா எழுதிட்டார். இவர் கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டார். அந்த ஒரு எண்ணால பட்டத்துக்கான சமன் ஆட்டமே கைவிட்டுப் போச்சு. "பார்த்தீங்களா விதியின் வலிமையை"ன்னார் தலைவர். பாதிக் கதை சொன்னீங்க அய்யா, மீதியை நான் சொல்றேன். அன்னைக்கு அவருக்கு 45-வது பிறந்த நாள். தப்பா எழுதினவரை அவர் திட்டலை, சட்டையைப் பிடிக்கலை. "கையெழுத்துப் போட்டவன் நான், தப்பு என்னுது"ங்கிற விதமாத்தான் பேசினார். பட்டத்தைப் பறிச்சது விதி. இத்தனை வருஷம் கழிச்சும் இந்த மேடையில அவர் பேரைச் சொல்ல வச்சது எது? நாகரிகம்! (கைதட்டல்)

1925-ல பாபி ஜோன்ஸ். அமெரிக்க ஓபன் போட்டி. புல்லுக்குள்ள அவர் மட்டையை வைக்கும்போது பந்து ஒரு துளி அசைஞ்சுது. யார் கண்ணுலயும் படலை. அவரே "அசைஞ்சுது, எனக்கு ஒரு அடி தண்டனை போடுங்க"ன்னு பிடிவாதமாச் சொன்னார். முடிவுல சமன். மறுபடி ஆடினதுல ஒரே ஒரு அடியில பட்டம் போச்சு. ஜனங்க பாராட்டினப்போ, "வங்கியைக் கொள்ளையடிக்காததுக்கா பாராட்டுவீங்க?"ங்கிற பொருள்ல அவர் பதில் சொன்னதா இன்னைக்கும் பேசிக்கிறாங்க. விதி புத்தகத்துல இருந்துச்சு, சரி. அந்தப் புதருக்குள்ள விதியைக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு? அவர் மனசாட்சிதானே!

1744-ல ஸ்காட்லாந்துல லீத் நகரத்து ஆட்டக்காரங்க எழுதின விதி 13. இன்னைக்கு 25. ஒவ்வொண்ணுக்கும் கிளை, கிளைக்குக் கிளை. அந்தப் புத்தகத்தோட முதல் விதியிலேயே 2019-லேருந்து என்ன சேர்த்து வச்சிருக்கான் தெரியுமா? நேர்மையா ஆடு, அடுத்தவனை நினைச்சுப் பாரு, மைதானத்தைப் பத்திரமாப் பார்த்துக்கோ. பெரிய அத்துமீறல் பண்ணினா வெளியே அனுப்பலாம். மத்தபடி இதுக்குத் தனியா தண்டனை வேணும்னா அந்தந்தப் போட்டிக்குழு எழுதி வச்சுக்கணும். அதாவது விதிப் புத்தகமே முதல் பக்கங்கள்ல எங்க அணியில வந்து உட்கார்ந்துடுச்சு அய்யா! (கைதட்டல்)

இப்போ ஐந்தாவது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

கிரிக்கெட்ல 'ஃபோர்'னு சத்தம் கேட்டா கைதட்டுவோம். கோல்ஃப்ல 'ஃபோர்'னு சத்தம் கேட்டா தலையைப் பிடிச்சுக்கிட்டுக் குனியணும்! (சிரிப்பு) பந்து ஆள் பக்கம் போகுது, ஜாக்கிரதைன்னு அர்த்தம். எலுமிச்சம்பழ அளவுதான் அந்தப் பந்து. 46 கிராம்கூட இல்லை. ஆனா தேர்ந்த ஆட்டக்காரர் டிரைவரால அடிச்சா மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். 2018-ல பிரான்சுல ரைடர் கோப்பைப் போட்டியைப் பார்க்க வந்த ஒரு அம்மாவுக்கு, பந்து பட்டு ஒரு கண்ணுல பார்வையே போச்சு. அதனாலதான் முன்னால ஆள் நகர்ந்த பிறகு அடிக்கணும். தவறிப் போனா தொண்டை கிழியக் கத்தணும்.

ஒரு மார்கழிக் காலை. பனி இன்னும் விலகலை. அப்பா ஒரு பெரியவருக்குப் பை தூக்கிக்கிட்டு முன்னால நிக்கிறார். நான் பக்கத்துல. பின்னால வந்த கூட்டத்துல ஒருத்தருக்குப் பொறுமை இல்லை. நாங்க நகர்றதுக்குள்ள அடிச்சுட்டார். சத்தமும் கொடுக்கலை. 'சொத்'னு ஒரு ஓசை. அப்பா உட்கார்ந்துட்டார். இடது புருவத்துக்கு மேல ரத்தம்.

அடிச்சவர் நிதானமா நடந்து வந்தார். அப்பாவைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பந்து எங்கே போச்சு?"

(அரங்கில் அமைதி)

அப்புறம் நான் அழுதுக்கிட்டே அலுவலகத்துல போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் விதியைப் புரட்டினார். "எதேச்சையாப் பட்டா தண்டனை இல்லை தம்பி. பந்து கிடக்கிற இடத்திலேருந்து ஆடலாம்"னார். அய்யா, பந்து மரத்துல பட்டாலும் அதே விதி. மாட்டு மேல பட்டாலும் அதே விதி. எங்க அப்பா நெத்தியில பட்டாலும் அதே விதி! பண்பு இல்லாதவன் எவ்வளவு கூர்மையான அறிவாளியா இருந்தாலும் மரத்துக்குச் சமம்னு வள்ளுவர் கருத்து. இங்கே அவனுக்கு எங்க அப்பா மரமாத் தெரிஞ்சார். (கைதட்டல்)

அப்பா பை தூக்கிட்டு வந்த அந்தப் பெரியவர் என்ன செஞ்சார் தெரியுமா? மட்டையைப் போட்டுட்டார். தன் கைக்குட்டையால கட்டுப் போட்டார். "என் தோளைப் பிடிச்சுக்கப்பா"ன்னு சொல்லித் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். அன்னைக்கு அவர் ஆடிக்கிட்டிருந்தது போட்டி ஆட்டம். பாதியில விட்டதால தோத்தார். அவரைப் போகச் சொல்லி எந்த விதியும் கட்டாயப்படுத்தலை.

அப்பாவுக்கு அந்தக் கண்ணு மங்கலாவே நின்னுபோச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் பை தூக்கப் போனார். ஒரு நாள் அதே ஆள், பந்தால அடிச்சாரே அவர், முன்னால ஆடிப் போறார். வழக்கம்போல மணலை மிதிச்சுப் போட்டுட்டுப் போறார். எங்க அப்பா வாருகோலை எடுத்து அந்தத் தடத்தைச் சமப்படுத்துறார். எனக்கு ஆத்திரம். "ஏம்ப்பா, அந்த ஆள் மிதிச்ச மணலை நீ ஏன் வாரணும்?"னு கேட்டேன். அப்பா நிமிராமலே சொன்னார்:

"அவருக்காக இல்லைடா. பின்னால வர்றவன் யாரோ!"

(நீண்ட கைதட்டல்)

அவ்வளவுதான் அய்யா நாகரிகம். விதி என்னைக் கேக்கிற கேள்வி, 'நீ எத்தனை அடி அடிச்சே?' நாகரிகம் கேக்கிற கேள்வி, 'பின்னால வர்றவனுக்கு என்னத்தை விட்டுட்டுப் போறே?' ரயில்ல கழிவறைக்குள்ள போறவனுக்கும், தண்ணிக் குழாயைத் திறந்தவனுக்கும், தியேட்டர்ல முன்சீட்டுல காலைத் தூக்கிப் போடுறவனுக்கும் இதே கேள்விதான். அங்கெல்லாம் எந்த நடுவர் நிக்கிறார்?

டில்லியில பை தூக்கிக்கிட்டிருந்த அலி ஷேர் 1991-ல இந்தியன் ஓபன் பட்டத்தை ஜெயிச்சார். கேடியா இருந்தவர் சாம்பியன் ஆனார். ஆரம்பத்துல எங்கப்பா வேலையைச் சொன்னதும் சிரிச்சீங்களே, இப்போ சொல்லுங்க. ரத்தத்தைப் பார்த்துட்டுப் பந்தைத் தேடினாரே அவர் கேடியா? அவர் கால் தடத்தைச் சமப்படுத்தினாரே எங்கப்பா, அவர் கேடியா?

விதி வேண்டாம்னு நாங்க சொல்லலை. விதி இருக்கட்டும். ஆனா விதிப் புத்தகம் மூடியிருக்கிற நேரத்துலயும் மனுஷனை மனுஷனா நடக்க வைக்கிறது நாகரிகமே, நாகரிகமே என்று சொல்லி, எங்கள் பக்கமே நல்ல தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பின்னால் பேச வருகிறவர் யாரோ, அவருக்காக மைக்கை நேராக வைத்துவிட்டு அமர்கிறேன். (சிரிப்பு)



(பலத்த கைதட்டல்)