கடல் மின்சாரம்: முதல்ல அளப்போம், அப்புறம் பேசுவோம்

(மாவட்ட ஐ.டி. விங் பயிலரங்கில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன். போன வருஷம் ஒரு கார்டு போட்டேன்: "1,076 கி.மீ. கடற்கரை இருக்கு, அலையிலேயே தமிழ்நாடு முழுக்க மின்சாரம்!" நல்லா ஷேர் ஆச்சு. கமெண்ட்ல குமரி மாவட்டத்து மீனவ அண்ணன் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, எந்த மாசத்து அலைய வச்சு கணக்கு போட்டீங்க?" இன்ஜினியரிங் முடிச்ச எனக்குப் பதில் தெரியல. கார்டை எடுத்துட்டேன்.

கடற்கரை நீளத்தை வச்சு மின்சாரத்தை அளக்க முடியாது தோழர்களே. ஓதம் வேற, அலை வேற.

ஓதம்னா நிலா, சூரியன் ஈர்ப்பால் கடல்மட்டம் ஏறி இறங்குவது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் சில இடங்களில் 10 மீட்டர் வரை ஏறும். சென்னையில் சுமார் 1 மீட்டர்தான். அதனாலதான் நாட்டின் ஓத ஆற்றல் 12,455 மெகாவாட் என்ற மதிப்பீட்டில் காம்பே முக்கியமான இடமா இருக்கு. பிரான்சில் 1966-லிருந்து 240 மெகாவாட் ஓத மின்நிலையம் ஓடுது. அந்த மாதிரி ஒண்ணு நம்ம கரையில சாத்தியமில்லை.

அலையில் நமக்கு வாய்ப்பு உண்டு. அலையின் உயரம் இரண்டு மடங்கானா சக்தி நான்கு மடங்காகும். ஆனா உயரம் பாதியானா சக்தி கால்வாசிதான். தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் குமரிக் கடல், பருவம் முடிஞ்சா அடங்கிடும். அந்த அண்ணன் கேட்டது இதைத்தான். குமரிக்குப் பக்கத்துல, கேரளாவின் விழிஞ்ஞத்தில், சென்னை ஐ.ஐ.டி. முயற்சியில் 1991-ல் 150 கிலோவாட் அலை மின்நிலையம் வந்தது. இன்னைக்கு அது ஓடல. நாட்டின் அலை ஆற்றல் சுமார் 40,000 மெகாவாட்னு சொல்றாங்க. அது ஏட்டுக் கணக்கு, கம்பியில் வர்ற கரண்ட் இல்ல.

அப்போ நாம என்ன கேக்கணும்?

1. கடலில் மிதவை போட்டு, 12 மாசமும் அலையை அளக்கணும். இந்த அனுபவம் உள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் சென்னையிலேயே இருக்கு.

2. புயலைத் தாங்குமா, யூனிட் என்ன விலைக்கு வரும்னு கணக்கு காட்டணும்.

3. இடம் குறிக்கும் முன்னாடியே மீனவ கிராமங்களில் உட்கார்ந்து பேசணும். கருவியும் கேபிளும் போட்ட இடத்துல வலை விட முடியாது. வள்ளத்துக்கும் கரமடிக்கும் எந்த இடம் வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இந்த மூணுக்கும் பதில் இல்லாம யார் திட்டம் அறிவிச்சாலும் கேள்வி கேளுங்க. நம்ம ஆளுங்க அறிவிச்சாலும் கேளுங்க. பதில் இருந்தா, முதல் ஆளா நின்னு ஆதரிப்போம்.

அந்த அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லல. 12 மாச அளவு கைக்கு வந்ததும் புது கார்டு போடுவேன். அதை முதல்ல அவருக்குத்தான் அனுப்புவேன்.



#கடல்_மின்சாரம் #அளந்து_பேசுவோம்