சொன்னவனுக்குப் பதில் வேண்டும்

(தேசியப் பாதுகாப்பு தினத்தையொட்டி நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்ச் 4 வந்தால் ஆலை வாசல்களில் பாதுகாப்புக் கொடி ஏறுகிறது. 1966-இல் தேசியப் பாதுகாப்புக் குழுமம் பிறந்த நாள் அது. உறுதிமொழி படித்து, மிட்டாய் கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாள் ஒரு தொழிலாளி, "இந்த ஏணி ஆடுகிறது" என்றால், "உன் வேலையைப் பார்" என்கிறார்கள்.

நான் ரயில்வே குமாஸ்தா. எங்கள் சரக்குக் கொட்டகை மேடையில் ஒரு கல் பெயர்ந்து கிடந்தது. சுமை தூக்கும் தோழர் ஒருவர் சொல்ல, நானே பதிவேட்டில் எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாம் முறை சொல்ல அவர் வரவில்லை; கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு வந்த அதிகாரி ஒரே ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே, என்ன செய்தோம், என்றைக்குச் செய்தோம், முடியாவிட்டால் ஏன் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். அதுவரை வாய் திறக்காதவர்களெல்லாம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். தொழிலாளிக்கு அக்கறை இல்லை என்பது பொய், தோழர்களே! சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கைதான் அவனுக்கு இல்லை.

கேளாத காதுக்குப் போபால் சாட்சி. 1981 டிசம்பரில் அந்த ஆலையில் பாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி மாண்டார். 1982-இல் தொழிற்சங்கத்தார் சுவரொட்டி ஒட்டி எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு நடந்ததை உலகம் அறியும். அதன் பிறகே, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றார்கள். 2020 சட்டத்தொகுப்பிலும் பாதுகாப்புக் குழு இடம் பெற்றிருக்கிறது.

அந்தக் குழுவில் நம் ஆள் எங்கே? வருகைப் பதிவேட்டிலேயே பெயர் இல்லாத காண்டிராக்ட் கூலி, புகார்ப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்? அறிவிப்புப் பலகையோ அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் தொங்குகிறது. வாய் திறந்தால், "நாளை வராதே" என்கிறான் மேஸ்திரி.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: காண்டிராக்ட் தொழிலாளியையும் குழுவில் சேருங்கள். வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி போட்டுப் பதில் கொடுங்கள். சொன்னவன் வேலையில் கை வைக்காதீர்கள்.

தாய்மார்களே, உங்களிலும் பலர் வேலைக்குப் போகிறவர்கள்தான். மாலையில் வீட்டில் கூடும்போது, "இன்று அங்கே எது ஆடியது, எது கசிந்தது?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன். பதில் வரும்வரை கேட்க நாம் எல்லோரும் இருப்போம்.