பிழையைக் காட்டினால் போதுமா?



நம் கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் எழுந்துள்ளன. பிள்ளைகளுக்கு மதிய உணவும் கிடைக்கிறது. ஆயினும் ஐந்தாம் வகுப்பை முடித்தும் கழித்தல் கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் இருக்கின்றனர். இதன் காரணங்களுள் ஒன்றை நாம் சற்று ஆராய்வோம்.

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டால், விடை தவறு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். “எப்படிச் செய்தாய், சொல்” என்று பரிவுடன் கேட்டால், “ஏழில் இரண்டு போக ஐந்து” என்று கூறும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று கற்றதை அது ஒவ்வோர் இலக்கத்திற்கும் தனித்தனியே பொருத்திவிட்டது. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால், 25 என்னும் விடையைத் தானே கண்டுகொள்ளும்.

நெல்லின் அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்றும், இளந்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றும் ஆராய்ந்தே நாம் உரமிடுகிறோம். “பயிர் சரியில்லை” என்று சொல்லிவிட்டு வரப்பேறி வருவோர் உண்டோ?

இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்னும் அறிஞர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. சில மாணவர்க்கு மதிப்பெண்ணும், சிலர்க்கு எழுத்துக் குறிப்பும், சிலர்க்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே மேலும் முன்னேறினர். மதிப்பெண்ணும் சேர்ந்தபோது குறிப்பின் பயன் குன்றியது.

குறிப்பு பயன்பட வேண்டுமாயின், பிள்ளை தன் அறியாமையை அஞ்சாமல் வெளியிட வேண்டும். அடிக்கும் கையை நம்பி எந்தப் பிள்ளையும் ஐயம் கேட்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பதையும் ஆசிரியரின் கடமையாக்கியுள்ளது.

நம் கடமை யாது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினர்க்கும் இடமுண்டு. அங்கே சுவரையும் குழாயையும் பற்றிப் பேசுவதோடு நிறுத்தலாகாது. “எந்தப் பாடத்தில் பிள்ளைகள் பின்தங்கியுள்ளனர்? அதற்கு எங்கள் உதவி என்ன?” என்றும் கேட்போம். ஆசிரியரைக் குறுக்கு விசாரணை செய்வதற்கன்று. அவருக்குத் துணை நிற்பதற்கே இக்கேள்வி. ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனித்தால், ஒவ்வொரு பிள்ளையிடமும் பேச அவருக்கு நேரமேது? அக்குறையை மேலிடத்திற்கு எடுத்துச் செல்வது பஞ்சாயத்தின் பொறுப்பு.

வீட்டிலும் “எத்தனை மார்க்கு?” என்று கேட்பதை விடுத்து, “இன்று எது விளங்கவில்லை?” என்று கேட்போம். நடவு, அறுவடைக் காலங்களில் பிள்ளை பள்ளிக்கு வராதிருந்தால், விடுபட்ட பாடத்தை ஆசிரியரிடம் கேட்டறிவோம்.

ஐந்தாம் வகுப்பில் திருத்தப்படாத பிழை எட்டாம் வகுப்பில் மௌனமாகிறது. பின்னர் பள்ளியை விட்டே பிள்ளையை வெளியேற்றவும் கூடும். களையை முளையிலேயே எடுக்க அறிந்தவர்கள் நாம். இதிலும் காலம் தாழ்த்தலாகாது.