தாயின் உயிர்க்கு அறுபது நாள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் அரசுக் காப்பீடுபற்றியும், அங்குள்ள கருப்பினத் தாய்மாரின் நிலைபற்றியும் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். மருத்துவத்திற்கு அந் நாட்டைப்போல் பொருள் கொட்டும் நாடு உலகில் வேறொன்றில்லை. அங்கே 2023-ஆம் ஆண்டில், ஓர் இலக்கம் பேறுகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் என்னும் அளவில் இறந்தனர். கருப்பினத் தாய்மாரோ 50.3 பேர் என்னும் அளவில் இறந்தனர். மும்மடங்கிற்கும் மேல்! முந்தைய ஆண்டைவிட வெள்ளையினத் தாய்மாரின் சாவு குறைந்தது. கருப்பினத் தாய்மாரின் சாவோ குறையவில்லை.

இவ் வேறுபாடு குருதியிலேயே ஊறியதா? அன்று. வறுமை ஒன்றே கரணியமா? அதுவும் அன்று. கல்லூரிப் படிப்பை முடித்த கருப்பினத் தாய்மார், உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளையினத் தாய்மாரைவிட மிகுதியாக இறக்கின்றனர் என அந் நாட்டு அரசின் நோய்த்தடுப்பு நடுவமே 2019-இல் கணக்கெடுத்து வெளியிட்டது. செல்வமும் புகழும் ஒருங்கே பெற்ற பந்தாட்ட வீராங்கனை செரீனா வில்லியம்சு, 2017-இல் மகவை ஈன்ற மறுநாள் மூச்சுத்திணறலுக்கு ஆளானார். தம் நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்திருக்கும் என்று அவரே எடுத்துச்சொல்லியும், முதலில் அவர் சொல் செவியேறவில்லை. மீண்டும் மீண்டும் வற்புறுத்திய பிறகே உரிய ஆய்வு நடந்தது. அவர் சொன்னதே மெய்யாயிற்று. அவருக்கே அந்நிலை என்றால், அலபாமாவின் சிற்றூரில் கூலிக்கு உழைக்கும் கருப்பினத் தாயின் குரலை எவர் கேட்பார்?

இக் கேளாமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1840-களில் அதே அலபாமாவில், மரியன் சிம்சு என்னும் வெள்ளை மருத்துவர், அடிமைப் பெண்களின்மேல் மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்து தம் முறையைத் தேறிக்கொண்டார். அனார்க்கா, பெட்சி, இலூசி என்போர் அப் பெண்களுள் மூவர். மருத்துவருக்கு நியூயார்க்கில் சிலை எழுந்தது. மற்றப் பெண்களுக்கோ பெயர்கூட நிலைக்கவில்லை. 2018-இல்தான் அச் சிலை அகற்றப்பட்டது. சிலை அகன்றது, எண்ணம் அகன்றதா? 2016-இல் வெளிவந்த வர்சீனியாப் பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவருமாகிய இளைஞருள் ஏறத்தாழப் பாதிப்பேர், கருப்பரின் தோல் தடிப்பானது என்பன போன்ற பொய்க்கருத்துகளுள் ஒன்றையேனும் மெய்யென நம்பினர்.

இனிக் காப்பீட்டிற்கு வருவோம். ஏழையர்க்கான 'மெடிக்கெய்டு' என்னும் திட்டமும், முதியோர்க்கான 'மெடிக்கேர்' என்னும் திட்டமும் 1965-இல் சட்டமாயின. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், நடுவணரசின் பணத்தைப் பெறும் எந்நிறுவனமும் இனவேற்றுமை காட்டலாகாது என்றது. கருப்பரைப் பின்வாயிலில் நிறுத்திய மருத்துவமனைகள், முதியோர் காப்பீட்டுப் பணம் வேண்டுமாயின் அவ் வேற்றுமையைக் கைவிட்டாக வேண்டும் என்ற நிலை 1966-இல் பிறந்தது. நூறாண்டு வேண்டியும் திறவாத கதவுகள், ஆயிரத்திற்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் ஒருசில திங்களுக்குள் திறந்தன! அரசு தன் பணப்பையின் வாயை அறத்தின் கையில் கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அதே காப்பீடு அறத்தை மறந்தபோது நிகழ்ந்ததையும் காணுங்கள். அந் நாட்டுப் பேறுகளில் பத்தில் நான்கிற்கு மெடிக்கெய்டே பொறுப்பேற்கிறது; கருப்பினத் தாய்மாரின் பேறுகளிலோ ஏறத்தாழ மூன்றில் இரு பங்கிற்கு. ஆனால், கருவுற்றமையால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அக் காப்பு, பேற்றிற்குப் பின் அறுபது நாள்வரைதான் உறுதி என்று சட்டம் வரையறுத்தது. சாவுக்கு அந்த நாட்கணக்குத் தெரியுமா? பேற்றையொட்டிய இறப்புகளில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு, ஆறு கிழமை கடந்து ஓராண்டு முடிவதற்குள் நேர்கின்றன. நெஞ்சாங்குலைத் தசை நலிவு, குருதியழுத்தம், உளத்தளர்ச்சி ஆகியவை மெல்ல வந்து கொல்பவை. ஐந்தில் நான்கிற்கு மேற்பட்ட இறப்புகள் தடுக்கத் தக்கவை என்று அவற்றை ஆராய்ந்த குழுக்களே கூறுகின்றன. அறுபது நாள் என்னும் சட்டத்தில் கருப்பர் என்ற சொல்லே இல்லை. ஆயினும் அதன் சுமை எவர் தலையில் மிகுதியாக விழுந்தது? நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நிறம் பார்த்து வெட்டும் வாள் அது!

2021-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அறுபது நாளை ஓராண்டாக நீட்டிக்கும் வாய்ப்பை மாநிலங்களுக்கு அளித்தது. 2022 ஏப்பிரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது; பின்னர் நிலையானதும் ஆயிற்று. மிகப்பெரும்பாலான மாநிலங்கள் அதனை ஏற்றன. இது வெற்றியே. ஆனால் முழு வெற்றியன்று. குருதியழுத்தமும் நெஞ்சக நோயும் கருவுற்ற நாளிலா தோன்றுகின்றன? ஏழையர் அனைவர்க்கும் காப்பை விரிக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2012-இல் உச்ச வழக்குமன்றம் அதனை மாநிலங்களின் விருப்பத்திற்கு விட்டது. 2025-இலும் பத்து மாநிலங்கள் அதனை ஏற்கவில்லை. டெக்சாசு, சியார்சியா, அலபாமா, மிசிசிப்பி எனப் பெரும்பாலானவை தென்மாநிலங்கள். கருப்பின மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் மண் அத் தென்னாடே. டெக்சாசில் கருவுற்ற பெண்ணுக்கு, வறுமைக்கோட்டின் ஏறத்தாழ இருமடங்கு வருவாய்வரை காப்பு உண்டு. அவளே மகவை ஈன்று ஓராண்டு கழிந்ததும், அக் கோட்டின் ஐந்தில் ஒரு பங்கு வருவாய் இருந்தாலே காப்பு இல்லை! வயிற்றில் பிள்ளை உள்ளவரை அவள் உயிர்க்கு விலை. அதன் பிறகு அவள் எவளோ!

மாநில உரிமை பேசும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். அத் தென்மாநிலங்களில் அடிமை முறையைக் காத்தோரும் 'மாநில உரிமை' என்றே முழங்கினர். உரிமை என்பது மக்களைக் காக்கும் வேலியாக இருத்தல் வேண்டும். தன் மக்களுள் ஒரு பகுதியினரைப் பட்டினிபோடும் பூட்டாக ஆகிவிடின், அதற்கு உரிமை என்னும் பெயர் பொருந்தாது. தன்னாட்சி கேட்பவனுக்கு, அதனைக்கொண்டு தன் மண்ணின் கடைசித் தாயையும் காக்கும் கடமை இரட்டிப்பாகிறது.

2025 சூலை 4-இல் கையெழுத்தான சட்டம், மெடிக்கெய்டுக்கான நடுவணரசுச் செலவைப் பெரிதும் குறைக்கிறது. விரிந்த காப்பினைப் பெறும் ஏழையர் தாம் உழைப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. கருவுற்றோர்க்கும் அண்மையில் ஈன்றோர்க்கும் விலக்கு உண்டாம்! கருவுறுமுன் நோயைத் தேக்கிவைத்துக் கருவுற்றபின் மருந்து தேடுவது, வேரில் ஊற்றாத நீரை இலையில் தெளிப்பதாகும்.

முடிவாகச் சொல்கிறேன். காப்பீட்டுச் சீட்டு மருத்துவமனையின் கதவைத் திறக்கும். மருத்துவரின் செவியைத் திறக்காது. ஆதலால் இரண்டும் வேண்டும். பெண்ணின் வாழ்நாள் முழுமைக்கும் காப்பு வேண்டும். அக் காப்புப் பணத்தைப் பெறும் மருத்துவமனை, ஒவ்வோர் இனத்துத் தாயின் சாவுக்கும் தனித்தனியே கணக்குக் காட்டவும் வேண்டும். 1966-இல் கதவைத் திறந்த அதே கோலால் இன்று செவியையும் திறக்க இயலும். தாயைக் காக்க நாள் பார்க்கும் அரசு, தன் நாளைத் தானே எண்ணும் அரசாகும்.