இரண்டு குளிசைகள்

நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் கிளினிக்குக்கு வரும் அம்மாமாருக்கு இன்று ஒரு தகவல்.

மாதவிடாய் நின்றபின் வரும் உடற்சூட்டுக்கும் வியர்வைக்கும் சிலருக்கு ஈஸ்திரஜன் குளிசை கொடுப்பார்கள். அது ஈரலைத் தூண்டி, தைரொயிட் சுரப்பி சுரக்கும் தைரொக்சினைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டும். நல்ல தைரொயிட் சுரப்பி கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே தைரொக்சின் குளிசை எடுப்பவருக்கு அது இயலாது. பழைய அளவு போதாமல் போகலாம். அமெரிக்க வைத்தியர் அராபா 2001இல் இதை ஆய்ந்து காட்டினார். தோலில் ஒட்டும் ஈஸ்திரஜனில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

தைரொக்சின் போதாமல் களைப்போ மலச்சிக்கலோ வந்தால் வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதேயுங்கோ, அம்மா. ஈஸ்திரஜன் தொடங்கி 12 கிழமையளவில் தைரொயிட் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கோ. இரண்டு குளிசைகளையும் வைத்தியருக்குக் காட்டுங்கோ.