தோட்டத்து ஓட்டு எங்கே போகிறது?

(கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத்து மக்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். இன்ன கட்சிக்குப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் சந்தா கட்டுகிறார்கள். கணக்கெழுதுகிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

1955ஆம் ஆண்டு ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51 கூட்டணிக்குக் கிடைத்தன. அன்றைய வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மலாய்க்காரர்கள். நம் பாட்டன்மாரில் பெரும்பாலோர் குடியுரிமையின்றி மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். 1957இல் விடுதலை வந்தபின் ஓராண்டுக் காலம், மலாய் மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்றிருந்தது. மனுச் செய்தவர் ஓட்டாளர் ஆனார். "நாளைக்கு ஊருக்குப் போகிறவர்கள்தானே" என்று சும்மா இருந்தவர் ஆகவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, பெர்மிட் கேட்டு நின்றவர்களும் கப்பலேறியவர்களும் இவர்கள்தாம். சிவப்பு அட்டையோடு இன்றும் நம்மிடையே வாழும் கிழவர்கள் அந்தக் கணக்கின் மிச்சம்.

ஓட்டுரிமை பெற்றவர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆளும் பக்கமே போட்டார்கள். முன்னே கப்பல் சின்னம், 1974 முதல் தராசு. இதை அறியாமை என்று பட்டணத்துப் படிப்பாளிகள் எழுதுவதுண்டு. நான் ஒப்பமாட்டேன். வீடு தோட்டத்து வீடு. தண்ணீர், விளக்கு, ஆயாக்கொட்டகை எல்லாம் தோட்டத்தைச் சேர்ந்தவை. வேலை போனால் கூரையும் போகும். பல தோட்டங்களில் பிரட்டில் பேர் கூப்பிடுகிறவரே கோயில் தலைவர், அவரே கட்சிக் கிளைத் தலைவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டுமென்றாலும் அவர் வழியாகத்தான் மனுப் போக வேண்டும். இந்த நிலையில் நீங்களும் நானும் எப்படிப் போட்டிருப்போம்? அது பயம் மட்டுமல்ல, கணக்கும்கூட.

அந்தக் கணக்கு 2008இல் மாறிற்று. 2007 நவம்பர் 25இல் இண்ட்ராஃப் பேரணி கோலாலம்பூரில் நடந்தது. அடுத்த மார்ச் 8ஆம் நாள் பொதுத்தேர்தலில் ம.இ.கா. தான் நின்ற 9 நாடாளுமன்ற இடங்களில் 3ஐ மட்டுமே பிடித்தது. 1974 முதல் சுங்கை சிப்புட்டில் வென்றுவந்த சாமிவேலு அங்கே டாக்டர் ஜெயகுமாரிடம் தோற்றார். 2022இல் அக்கட்சிக்கு மிஞ்சியது தாப்பா ஒன்றே.

இதனால் நம் கை ஓங்கிவிட்டதென்று எண்ண வேண்டாம். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இரண்டு பெரிய தரப்புகள் நெருங்கி நிற்கும் இடத்தில்தான் நம் ஓட்டுக்கு மதிப்பு வருகிறது. அங்கேதான் அரிசி மூட்டையும் வருகிறது! அரிசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"நாம் யாருக்குப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?" என்று பால்வெட்டும் அக்காமார் என்னிடம் கேட்பதுண்டு. நேரான பதில் இதுதான். தனி ஆள் போட்ட ஓட்டு தெரியாது. தோட்டம் போட்ட ஓட்டு தெரியும். 1990 முதல் ஓட்டுகளை அந்தந்த வாக்களிப்பு மையத்திலேயே எண்ணுகிறார்கள். வாக்காளரை வயதுப்படி வரிசை பிரிக்கிறார்கள். முதல் வரிசையில் முதியவர், கடைசி வரிசையில் இளையவர். ஒவ்வொரு வரிசையின் முடிவும் 14ஆம் பாரத்தில் ஏறிக் கட்சி முகவர் கைக்குப் போகிறது. ஆகவே பாட்டி ஒரு பக்கமும் பேத்தி ஒரு பக்கமும் சாய்ந்ததை அவர்கள் அறிவார்கள். எந்தப் பாட்டி, எந்தப் பேத்தி என்பதை அறியமாட்டார்கள். யாரேனும் பெயர் சொல்லி மிரட்டினால் அது வெறும் மிரட்டல்.

இனி அரிசி. கொடுப்பவர்மேல் மட்டுமல்ல, ஓட்டுக்காக வாங்குகிறவர்மேலும் குற்றம் என்கிறது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம். கேமரன் மலையில் 2018இல் நடந்த தேர்தல், பூர்வகுடித் தலைவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதால் செல்லாதென்று தீர்ப்பாகி, 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஓட்டுப் போட்டுவரப் போதிய நேரத்தை முதலாளி கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஓட்டு நாளில் மத்தியானத்துக்குள் திரும்பாதவர்களுக்கு அரைப் பேர் போடும்படி மேலிருந்து உத்தரவு வந்தது. சங்கம் அந்தப் பிரிவைக் காட்டி எழுதிய பிறகே முழுப் பேர் ஏறியது.

என் மேசைமேல் இரண்டு பட்டியல்கள் கிடக்கின்றன. ஒன்று செக்ரோல், மற்றது வாக்காளர் பட்டியல். செக்ரோலில் உள்ளவர் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர், அவர்களுக்கு ஓட்டில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ளவர் பலர் லயத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்ட நம் பிள்ளைகள். வேட்பாளரோ நாம் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. ஓட்டு எத்தனை என்றுதான் கேட்கிறார். 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதானவர் தாமாகவே பட்டியலில் ஏறுகிறார். அடையாள அட்டையில் எந்த முகவரியோ அந்த ஊரில். தோட்டம் விற்றுப் போனாலும் ஓட்டு அங்கேயே கிடக்கும். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் அட்டையில் முகவரி மாற்றினால் மட்டும் போதாது. தேர்தல் ஆணையத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

வருகிற சம்பளத்துக்கு மறு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, பட்டியலோடு சங்க அறையில் இருப்பேன். அடையாள அட்டையோடு வாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் அட்டை எண்களையும் எழுதி வாருங்கள்.