மணல் அச்சில் நகை வார்த்தல்: ஆரம்ப அப்பியாசிகளுக்குச் சில யோசனைகள்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குரிய பிரசங்கம்)



ஓய்வு நேரத்தில் செய்யத்தக்க கைத்தொழில்களுள் மணல் அச்சில் சிறு நகைகளை வார்க்கும் விதத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். மெட்டி, பதக்கம், காப்பின் பூட்டு, கொலுசின் கோவைத் துண்டுகள் முதலிய சிறு உருப்படிகளை இம்முறையில் வார்க்கலாம். இதற்குப் பெரிய யந்திரம் வேண்டுவதில்லை. மணலும் நெருப்பும் பொறுமையும் போதும். ஆயினும், உலோகத்துக்கு விலையுண்டு; நெருப்பு சுடும். முறை தெரியாமல் கடன் வாங்கி வெள்ளியை உருக்கத் தொடங்குகிறவன் முதலையும் இழப்பான், கையையும் சுட்டுக்கொள்வான். அவ்விரண்டு நஷ்டமும் நேராதிருக்கும் பொருட்டே இவ்விஷயத்தைக் கிரமமாகக் கூறுகிறேன்.

மெழுகு அச்சும் மணல் அச்சும்

வார்ப்புத் தொழில் நமக்குப் புதிதன்று. சுவாமிமலையில் விக்கிரகங்களை மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அதில் ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு மெழுகு மாதிரி அழிந்து போகிறது. அதற்கு அண்மையிலேயே உள்ள நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கின் பாகங்களைக் காவேரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்த்து, கடைசல் பிடித்து, ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். அங்கே மாதிரி அழிவதில்லை. ஒரே மாதிரியைக் கொண்டு பல அச்சுக்கள் எடுக்கலாம். ஒரே வகை உருப்படியைப் பல எண்ணிக்கையில் செய்து விற்க விரும்பும் சங்கத்துக்கு இந்த மணல் முறையே ஏற்றது. நுட்பமான குடைவும் உட்குழிவும் உள்ள வேலைக்கோ மெழுகு முறைதான் தகும்.

மணலைப் பக்குவம் செய்தல்

நகை வேலைக்கு மணல் மிகவும் நுண்ணியதாயிருக்க வேண்டும். மணல் எவ்வளவு நுட்பமோ அவ்வளவு நுட்பமாகவே நகையின் முகமும் அமையும். ஆற்று வண்டலைக் காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, மணல் பத்துப் பங்குக்குக் களிமண் பொடி ஒரு பங்கு சேர்த்து, ஜலத்தைத் தெளித்துப் பிசைய வேண்டும். ஜலம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு பிடி மணலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் விரல் ரேகைகள் அதில் பதிந்திருக்க வேண்டும். அதை இரண்டாக ஒடித்தால் உதிராமல் கூரிய விளிம்புடன் முறிய வேண்டும். கையில் ஈரம் ஒட்டக்கூடாது. இதுவே பரீட்சை.

ஈரம் மிகுந்தால் நேரும் அபாயத்தை அறிந்துகொள்ளுங்கள். ஜலம் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைக்கிறது. உருகிய உலோகத்தின் கீழ் ஒரு துளி ஜலம் அகப்பட்டாலும் அந்த ஆவி உலோகத்தை மேலே வாரி இறைத்துவிடும். இதனாலேயே வெள்ளி வேலை செய்வோர் பலர் ஜலத்துக்குப் பதிலாக எண்ணெய் சேர்த்துப் பிசைந்த வார்ப்பு மண்ணை உபயோகிக்கிறார்கள். அதில் புகை உண்டாகும். ஆவி வெடிப்பு இல்லை. முகமும் வழவழப்பாக வரும்.

உலர்ந்த மணலைச் சலிக்கும்போது எழும் நுண்தூள் நெஞ்சுக்குள் சென்றால் நுரையீரலில் தங்கித் தீராத நோயை விளைவிக்கும். ஆகவே மூக்கையும் வாயையும் தக்க முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, வெளியிலே காற்றுக்கு முதுகு காட்டி நின்று சலியுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

மாதிரியும் அச்சும்

முதல் வேலைக்கு, பின்புறம் தட்டையான ஒரு மாங்காய்ப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். இழைப்பான மரத்திலோ கடின மெழுகிலோ 3 மில்லிமீட்டர் கனத்தில் அதைச் செதுக்குங்கள். அதன் பக்கங்கள் கீழே அகன்றும் மேலே சற்றுக் குறுகியும் சாய்வாயிருக்க வேண்டும். நேர்செங்குத்தாகவோ உட்குழிந்தோ இருந்தால் மாதிரியை எடுக்கும்போது மணலும் கூடவே பெயர்ந்து வரும். உலோகம் ஆறும்போது சிறிது சுருங்குமாதலால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்யவேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் இரண்டு உலோக வளையங்கள் வேண்டும். பொருந்துமிடத்தில் இரண்டிலும் ஓர் அடையாளக் கோடு கீறிக்கொள்ளுங்கள். ஒரு சமமான பலகையின்மேல் மாதிரியை, தட்டையான பின்புறம் பலகையில் படியும்படி வைத்து, முதல் வளையத்தை அதைச் சுற்றி வையுங்கள். மாதிரியின்மேல் மெல்லிய கரித்தூளைத் துணியில் முடிந்து தட்டுங்கள். இது மணல் ஒட்டாமல் காக்கும். பிறகு நுண்மணலைச் சலித்துத் தூவி, மேலே மணலை நிரப்பி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இறுகக் கெட்டித்து, மிகுந்ததை வழித்துவிட்டு, வளையத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். இப்போது மாதிரியின் பின்புறம் மேலே தெரியும். மறுபடியும் கரித்தூள் தட்டி, இரண்டாவது வளையத்தைக் கோடு பார்த்து வைத்து, அதையும் மணலால் நிரப்பிக் கெட்டியுங்கள்.

இரண்டையும் மெதுவாகப் பிரித்து, மாதிரியில் ஓர் ஊசியைச் செருகி, இலேசாகத் தட்டி அசைத்து, நேராகத் தூக்குங்கள். பிறகு மேல் அச்சில், பதக்கத்தின் மிகக் கனமான பாகத்துக்கு நேராக, 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துவாரம் செய்து, அதன் மேல்வாயைப் புனல்போல் அகலப்படுத்துங்கள். கனமான பாகமே கடைசியில் உறைகிறது; உறையும்போது சுருங்கும் இடத்துக்கு வேண்டிய உலோகம் அந்தத் துவாரத்திலிருந்து இறங்க வேண்டும். துவாரம் குறுகினால் அது முன்னதாக உறைந்துபோய், பதக்கத்தில் பள்ளம் விழும். பதக்கத்தின் ஓரங்களுக்கு நேராக ஊசியால் மூன்று நான்கு காற்றுவழிகளும் குத்துங்கள். உள்ளேயுள்ள காற்று வெளியேறினால்தான் உலோகம் உள்ளே புகும். உதிர்ந்த மணலை ஊதியகற்றி, இரண்டு வளையங்களையும் கோடு பார்த்துச் சேர்த்துக் கட்டுங்கள்.

எவ்வளவு உலோகம் வேண்டும்?

அளவுக் கோடுகள் உள்ள ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் ஜலம் விட்டு, மாதிரியை முற்றும் அமிழ்த்திப் பாருங்கள். ஜலம் 2 கன சென்டிமீட்டர் உயர்ந்தால் அதுவே மாதிரியின் பருமன். அதை வெள்ளீயமானால் 7.3 ஆலும், பித்தளையானால் ஏறக்குறைய 8.5 ஆலும், நகைவெள்ளியானால் ஏறக்குறைய 10.4 ஆலும் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். அப்படியானால் இந்தப் பதக்கத்துக்கு வெள்ளீயம் சுமார் 15 கிராம், பித்தளை 17 கிராம், வெள்ளி 21 கிராம் ஆகும். துவாரத்தில் நிற்பதற்காகப் பாதிப் பங்கு கூடுதலாகச் சேருங்கள். அது வீணாவதில்லை, வெட்டியெடுத்து மறுபடி உருக்கலாம்.

எந்த உலோகத்தில் தொடங்குவது?

முதற் பாடம் வெள்ளீயத்தில்தான். அது 232 சென்டிகிரேடு டிகிரியில் உருகிவிடும். இரும்புக் கரண்டியும் சிறு அடுப்புமே போதும். ஆனால் சமையற் பாத்திரத்தைத் தொழிலுக்கும், தொழிற் கரண்டியைச் சமையலுக்கும் ஒருபோதும் மாற்றாதீர்கள். காய்ந்த மரக்குச்சியின் முனையை உருகிய வெள்ளீயத்தில் தொட்டால் பழுப்பாகக் கருக வேண்டும்; தீப்பற்றினால் சூடு மிஞ்சிவிட்டதென்று அறியுங்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி முக்கியமான எச்சரிக்கை. நம் வழக்கில் ஈயம் என்ற ஒரு பெயரே இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தைக் குறிப்பவை. காரீயமோ விஷம். உடலில் சேரும் காரீயத்துக்குப் பாதகமற்ற அளவென்று எதுவும் கண்டறியப்படவில்லை. குழந்தைகளின் மூளையை அது மந்தப்படுத்தும். குழந்தை எதையும் வாயில் வைக்கும். தாயின் கழுத்துப் பதக்கத்தையும் வைக்கும். ஆகையால் கடையில் ஈயம் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். காரீயம் காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு இழுக்கும். ஒரே பருமனில் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனக்கும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கரகரவென்று மெல்லிய ஒலி கேட்கும். சந்தேகமிருந்தால் அந்த உலோகத்தைத் தள்ளிவிடுங்கள். பழைய பற்றாசுத் துண்டுகளையும், இன்னதென்று தெரியாத கலப்புலோகத்தையும் நகைக்கு உருக்கவே கூடாது.

பித்தளையில் துத்தநாகம் கலந்திருக்கிறது. அது 907 டிகிரியில் கொதிக்கும்; பித்தளை உருகுவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே. அப்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிரும் ஜுரமும் காணும். ஆகவே பித்தளையைத் திறந்த வெளியிலன்றி உருக்கலாகாது.

வெள்ளீயத்தில் பத்து உருப்படிகளைக் குறையின்றி வார்த்தவனே வெள்ளியைத் தொடலாம். தனி வெள்ளி நகைக்கு மிகவும் மிருது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு செம்பும் சேர்ந்ததே வழக்கமான நகைவெள்ளி. அது சுமார் 900 டிகிரியில் முற்றும் உருகும். புது மூசையை முதலில் காய்ச்சி, வெங்காரத்தைத் தூவி, உட்புறம் பளிங்கு போலப் படியச் செய்யுங்கள். உருகிய வெள்ளி காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, உறையும்போது அதைக் கக்கும். அதனால் உருப்படியில் துளைகள் விழும். மேலே சிறிது மரக்கரித் தூளைத் தூவினால் இதைத் தடுக்கலாம். உலோகம் கண்ணாடிபோல் பிரகாசித்து, மூசையைச் சாய்த்தால் உருண்டோடும் பதத்தில், வாயை அச்சின் துவாரத்துக்கு அருகே கொண்டுபோய், நிறுத்தாமல் ஒரே தாரையாக ஊற்றுங்கள். நடுவே தயங்கினால் வார்ப்பில் மடிப்பு விழும்.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோலுறை, காலுக்கு மூடிய செருப்பு, உடம்புக்குப் பருத்தி ஆடை ஆகியவை கட்டாயம். அச்சை உலர்ந்த மணல் பரப்பிய தட்டில் வையுங்கள். உலோகம் தவறிக் கொட்டினாலும் மணல் ஏற்றுக்கொள்ளும். கரியுலையை அடைத்த அறையில் மூட்டாதீர்கள்; அந்த விஷவாயு மணமின்றியே உயிரைக் கொள்ளும்.

மெருகும் குறைகளும்

சிவப்பு மறைந்தபின் உருப்படியை எடுத்து, தண்டை அறுத்து, அரத்தால் ராவிச் சமப்படுத்துங்கள். வெள்ளியின் கறுப்பைப் போக்க வெதுவெதுப்பான படிகார ஜலத்தில் ஊறவையுங்கள். அதற்குள் இரும்புக் குறட்டை விடாதீர்கள். விட்டால் வெள்ளியின்மேல் செம்பு படியும். மரக் குச்சியோ செப்புக் குறடோ தகும்.

வார்ப்பு கெட்டால் மனந்தளர வேண்டாம். கெட்ட வார்ப்பே ஆசிரியன். உரு முழுதும் நிரம்பாவிட்டால் உலோகம் குளிர்ந்துபோயிற்று, அல்லது காற்றுவழி போதவில்லை. முகத்தில் சிறு துளைகள் இருந்தால் மணலில் ஈரம் மிகுதி, அல்லது உலோகத்தின் சூடு மிகுதி. மணற் பொடி பதிந்திருந்தால் அச்சு சரியாகக் கெட்டிக்கப்படவில்லை. ஓரத்தில் தகடு நீட்டிக்கொண்டிருந்தால் வளையங்கள் இறுகப் பொருந்தவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

சங்கம் செய்யத்தக்கது

1904 ஆம் வருஷத்துச் சட்டம் நாணய சங்கங்களுக்கு மட்டுமே இடந்தந்தது. 1912 ஆம் வருஷத்துச் சட்டமே உற்பத்திக்கும் விற்பனைக்கும் சங்கம் அமைக்க வழிதிறந்தது. அந்த வழியை நாம் முற்றும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஓர் உலை, ஒரு நல்ல தராசு, சில வளையங்கள், ஒரு மூசை வரிசை ஆகியவற்றைப் பத்துக் குடும்பங்கள் தனித்தனியே வாங்குவது வீண்செலவு. சங்கம் ஒரு தடவை வாங்கினால் அனைவருக்கும் போதும்.

அதைவிட முக்கியமானது உலோகக் கணக்கு. வியாபாரி முன்கூட்டி வெள்ளி கொடுத்து வேலை வாங்கும் இடங்களில், கொடுத்ததெவ்வளவு, குறைந்ததெவ்வளவு என்ற சச்சரவே தொழிலாளியைக் கடனில் ஆழ்த்துகிறது. சங்கத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். கொடுத்த எடை, உருப்படியின் எடை, திரும்பிய தண்டின் எடை, அரப்பொடியின் எடை, சேதம் என ஐந்து கலங்கள் போதும். இருவர் முன்னிலையில் நிறுத்து, இருவரும் கையெழுத்திடட்டும். அரப்பொடியில் கலந்த இரும்பைக் காந்தத்தால் நீக்கி, மறுபடியும் உருக்குங்கள். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தாலே நியாயமான சேதம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பிறகு எந்த வியாபாரியும் உங்களை ஏமாற்ற முடியாது. உங்களுக்குள்ளும் சந்தேகம் எழாது.

வெள்ளி வாங்குவதற்குக் கடன் கேட்டு வருகிறவரிடம், அவர் வார்த்த வெள்ளீயப் பதக்கங்கள் பத்தைக் காட்டும்படி நிர்வாகக் கமிட்டி கேட்கட்டும். ஜாமீன் பத்திரத்தைவிட அந்தப் பத்துப் பதக்கங்களே அவருடைய திறமைக்கு உறுதியான சாட்சி. கற்றபின் கடன், கடனுக்குமுன் கணக்கு என்ற இவ்விரண்டு விதிகளையும் கைக்கொண்டால் இத்தொழில் உங்கள் குடும்பங்களுக்கு நிச்சயமாகத் துணைசெய்யும்.